அம்மா, நீயே எழுதிக் குடேன்!

விளக்கு வைக்கிற நேரத்தில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஏதாவது ஒரு தெருவில் நடந்து பாருங்கள். அல்லது சிதம்பரத்தில் தேரோடும் வீதியைத் தாண்டி ஒரு சந்துக்குள் நுழையுங்கள். பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் ஒரே குரல்தான். "எழுதினியாடா? இன்னும் எழுதலையா? நோட்டை எடுத்துட்டு வா இப்படி!" பின்னாலேயே ஓர் அழுகை. அப்புறம் ஒரு கெஞ்சல்: "கை வலிக்குதும்மா... நீயே எழுதிக் குடேன்!"

அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. வேலைக்குப் போன மனிதர் வரும் நேரம். "சரி, குடு" என்று அம்மாவே நாலு வரியை எழுதி முடித்து விடுகிறாள். அன்றைக்குப் பிரச்னை தீர்ந்தது. ஆனால், 'அழுதால் அம்மா எழுதித் தருவாள்' என்ற பாடத்தை அந்தக் குழந்தை அன்று நன்றாகப் படித்துக் கொள்கிறது!

இன்னொரு நஷ்டமும் உண்டு. நோட்டில் உள்ள தப்புகளைப் பார்த்துத்தான் பிள்ளைக்கு எது புரியவில்லை என்று டீச்சர் தெரிந்து கொள்கிறார். நாம் ரப்பர் வைத்து அழித்து, முத்து முத்தாகத் திருத்தி அனுப்பினால் அந்த வழியை அடைத்து விடுகிறோம். கழித்தலில் கடன் வாங்கத் தெரியாத பிள்ளை, அது தெரியாமலேயே அடுத்த வகுப்புக்குப் போய் உட்காரும்.

எவ்வளவு எழுத வேண்டும்?

1, 2-ஆம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டு பள்ளிப் பை கொள்கையும் அதையே சொல்கிறது. 3 முதல் 5-ஆம் வகுப்பு வரை வாரத்துக்கு 2 மணி நேரம்; 6 முதல் 8 வரை நாளைக்கு 1 மணி; 9-க்கு மேல் நாளைக்கு 2 மணி. இதற்கு மேல் போகக் கூடாது என்பது அந்தக் கொள்கை.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு நாள் கணக்கில் பார்த்தால் அரை மணி கூட இல்லை! அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பர் என்ற பேராசிரியர் வீட்டுப்பாடம் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்டார். பெரிய வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் நல்ல தொடர்பு தெரிந்தது. சின்ன வகுப்புகளில் அது மிகக் குறைவு. அப்படியானால் சின்ன வயதில் வீட்டுப்பாடத்தால் என்ன பிரயோஜனம்? குறித்த நேரத்தில் உட்கார்ந்து, தன் வேலையைத் தானே முடிக்கிற பழக்கம். அது வந்துவிட்டால் பத்தாம் வகுப்பில் நாம் தொண்டை வறளக் கத்த வேண்டாம்.

நேரமும் இடமும்

பள்ளியிலிருந்து வந்ததும், "பையைத் திற" என்று ஆரம்பிக்காதீர்கள். வேகவைத்த வேர்க்கடலையோ, சுண்டலோ, இரண்டு இட்லியோ கொடுங்கள். ஒரு மணி நேரம் ஓடி விளையாடட்டும். பிறகு கை கால் கழுவி, ஆறு மணி என்றால் தினமும் ஆறு மணிக்கே உட்காரட்டும். அந்த நேரத்தில் வீட்டில் யாருக்கும் டி.வி. கிடையாது, செல்போன் கிடையாது. நாம் சீரியல் பார்த்துக் கொண்டே, "படிடா" என்றால் அது காதில் ஏறாது. பள்ளியின் வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் வந்தால் ஒரு தாளில் குறித்துக் கொடுத்துவிட்டுப் போனை எடுத்து வைத்து விடுங்கள்.

தனி அறை, மேஜை நாற்காலி அவசியமில்லை. கூடத்தில் ஒரு மூலை, பாய், சின்னச் சாய்வு மேஜை போதும். மடியில் நோட்டை வைத்துக் கூன் போட்டு எழுதவிடாதீர்கள். வலது கையால் எழுதும் பிள்ளைக்கு வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வரட்டும். புத்தகத்துக்கும் கண்ணுக்கும் ஓர் அடிக்குக் குறையாத தூரம் வேண்டும். பழைய பிஸ்கெட் டப்பா ஒன்றில் பென்சில், ரப்பர், ஸ்கேல், துருவி எல்லாம் இருந்தால், "பென்சில் காணோம்" என்று பத்துத் தடவை எழுந்து போகிற சாக்கு நின்றுவிடும்.

நம் கடலோரத்தில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் மழையும் காற்றும் சொல்லிக் கொண்டு வருவதில்லை. 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் அடித்தபோது எத்தனையோ ஊர்கள் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தது நினைவிருக்கும். மழை மாதங்களில் மட்டும் வெளிச்சம் இருக்கும்போதே எழுத்து வேலையை முடித்து, மனப்பாடத்தை இரவுக்கு வைத்துக் கொள்ளுங்கள். மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்து எழுதுவது கண்ணுக்கும் ஆகாது, கூந்தலுக்கும் ஆபத்து!

"எனக்கே படிக்கத் தெரியாதே!"

துறைமுகத்தில் மீன் வாங்கி விற்கிற தாய், பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கப் போகிற தாய் கேட்கிற கேள்வி இது. அதனாலேயே ஒன்றாம் வகுப்பிலிருந்து டியூஷனுக்குப் பணம் கட்டுகிறார்கள். சகோதரிகளே, படிக்கத் தெரியாவிட்டாலும் கேட்கத் தெரியுமல்லவா?

"இன்னிக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லு கண்ணு" என்று பக்கத்தில் உட்காருங்கள். பிறருக்குச் சொல்லும்போதுதான் தனக்கு எது தெரியவில்லை என்பது பிள்ளைக்கே விளங்கும். வீட்டில் ஆயா இருந்தால் இந்த வேலையை அவரிடம் கொடுங்கள். அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பாதிப் படிப்பு வாய்ப்பாடமாகத்தானே நடந்தது? வாய்விட்டுச் சொல்வதும், ஒருவர் கேட்பதும் நமக்குப் புதிதல்ல. கணக்குக்கும் வீடே உதவும். "முழம் 30 ரூபா, ரெண்டரை முழம் என்ன ஆச்சு?" என்று பூக்காரம்மாவிடம் வாங்கும்போதே கேளுங்கள்.

2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியபோது முதலில் எடுத்துக் கொண்ட மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. கொரோனாவால் படிப்பு விட்டுப்போன 1 முதல் 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் தன்னார்வலர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்கள். சின்ன வகுப்புகளுக்கு அவர்கள் பிளஸ் டூ படித்திருந்தாலே போதும். திண்ணையோ, கோவில் வாசலோ, பக்கத்தில் அக்கறையாய் ஒருவர் உட்கார்ந்தால் பிள்ளையும் உட்காரும் என்பதை நம் தெருக்களிலேயே பார்த்தோம்.

இவை வேண்டாமே!

* "பக்கத்து வீட்டுப் பொண்ணைப் பாரு" என்ற ஒப்பீடு.

* தப்புக்கு அடி. அடி விழும் என்றால் பிள்ளை நோட்டையே ஒளித்து வைக்கும்.

* "எழுதி முடிச்சா செல்போன் தரேன்" என்ற லஞ்சம். நாளைக்குப் போன் இல்லாமல் பேனா நகராது.

* இரவு பத்து மணி வரை இழுப்பது. 6 முதல் 12 வயது வரை 9 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் தேவை. முடியவில்லை என்றால் நோட்டை மூடச் சொல்லி, "இவ்வளவுதான் முடிந்தது" என்று டீச்சருக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

சோம்பல் என்று முடிவு கட்டும் முன்...

அரை மணி வேலைக்குத் தினமும் இரண்டு மணி ஆகிறதா? போர்டில் இருப்பதைப் பாதி எழுதிக் கொண்டு வருகிறானா? எழுத்துகளை இடம் மாற்றி எழுதுகிறாளா? திட்டுவதற்கு முன் கண், காது இரண்டையும் பரிசோதித்து விடுங்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும், அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கண் பிரிவு இருக்கிறது. ஒரு கண்ணாடியில் தீர்ந்து போகிற குறைக்கு, எத்தனை பிள்ளைகள் 'மக்கு' என்று பெயர் வாங்கியிருக்கிறார்கள்! கண்ணும் காதும் சரியாக இருந்தும் சிரமம் தொடர்ந்தால் கற்றல் குறைபாடாக இருக்கலாம். டீச்சரிடமும் குழந்தை மருத்துவரிடமும் மனம்விட்டுப் பேசுங்கள்.

கடைசியாக ஒன்று. முதல் மாதம் பிள்ளையின் பக்கத்திலேயே இருங்கள். அடுத்த மாதம் அதே கூடத்தில் கீரை ஆய்ந்து கொண்டிருங்கள். அதற்கடுத்த மாதம், முடித்ததும் வந்து காட்டினால் போதும் என்று சொல்லுங்கள். நடுவில் இரண்டு நாள் தவறினாலும் மூன்றாம் நாள் அதே ஆறு மணிக்குப் பாயை விரியுங்கள். நடை பழக்கியபோது எப்படி விரலை மெல்ல மெல்ல விடுவித்தோமோ, அப்படித்தான் இதுவும்.