சைடு விங்கில் நின்றவர்கள்

1980-களின் தொடக்கத்தில் கல்லூரி நாடகத்தில் வெளிச்சம் மெல்ல மெல்ல ஏற வேண்டுமென்றால் ஊறுகாய் ஜாடி ஒன்று தேவைப்படும். பெரிய பீங்கான் ஜாடி. முக்கால் பாகம் தண்ணீர் ஊற்றி ஒரு பிடி கல்லுப்பு போடுவோம். அடியில் ஒரு உலோகத் தகடு கிடக்கும். இன்னொரு தகடு மரக்கட்டையில் பொருத்தப்பட்டு மேலே தொங்கும். விளக்குக்குப் போகும் மின்சாரம் இந்த இரண்டு தகடுகளுக்கும் இடையில் உள்ள உப்புத் தண்ணீர் வழியாகத்தான் போக வேண்டும். மேல் தகட்டை இறக்க இறக்க விளக்கு பிரகாசமாகும், தூக்கத் தூக்க மங்கும். உப்பு குறைந்தால் வெளிச்சம் ஏறாது. கூடினால் ஃப்யூஸ் போய்விடும். காட்சி நீண்டுவிட்டால் தண்ணீர் சூடேறி ஆவி எழும். ரப்பர் செருப்பு போட்டு, காய்ந்த பலகைமேல் ஏறி நின்று, மேடையைப் பார்த்தபடியே தகட்டை இறக்குவான் இயற்பியல் வகுப்பு மாணவன் ஒருவன். விடியல் காட்சி என்றால் அவனுடைய கைதான் சூரியன்.

இன்று அதே விடியல் ஒரு சிறிய ஒளிக் கட்டுப்பாட்டுப் பலகையில் இருக்கிறது. டி.எம்.எக்ஸ். 512 என்ற முறை 1986-ல் வகுக்கப்பட்டது. ஒரே கேபிளில் 512 சேனல்கள். ஒவ்வொன்றிலும் அளவு 0 முதல் 255 வரை. மாலையில் ஒத்திகை பார்த்துக் காட்சிகளைப் பதிந்து வைத்துவிட்டால், இரவில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். 1000 வாட் விளக்குகள் பத்து எரிந்த இடத்தில், அவற்றின் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடக் குடிக்காத எல்.இ.டி. விளக்குகள் எரிகின்றன. சிவப்பு வேண்டுமென்றால் ஏணியில் ஏறி ஜெலட்டின் தாள் சொருக வேண்டியதில்லை. நடிகர்களின் ஒப்பனை சூட்டில் உருகி வழிவதும் இல்லை. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை என்றே நினைக்கிறேன். உப்புத் தண்ணீரில் மின்சாரத்தை விட்ட வேலைக்கு இன்று எந்தக் கல்லூரி முதல்வரும் அனுமதி தர மாட்டார், தரவும் கூடாது.

படித்தவர்களின் தமிழ் நாடகம் தொடங்கியதே ஒரு கல்லூரி மாணவரிடமிருந்துதான். 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழு பிறந்தபோது, அதைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியாருக்கு வயது 18. அவர் பின்னாளில் எழுதிய ‘நாடக மேடை நினைவுகள்’ நூலைப் படிப்பவர்களுக்கு, ஒத்திகை, உடை, திரை என்று மேடைக்கு அப்பால் எத்தனை பாடு இருந்தது என்பது தெரியும். எங்கள் காலத்துக் கல்லூரி மேடையிலும் அந்த வழக்கங்களின் மிச்சம் இருந்தது. தர்பார் படுதா, தெருப் படுதா, காட்டுப் படுதா மூன்றும் வாடகைக் கடையில் கிடைக்கும். டோப்பாவும் அட்டைக் கிரீடமும் அங்கேயே. ஒப்பனைக்காரர் தகரப் பெட்டியைத் திறந்தால் முத்துவெள்ளை, அரிதாரம், மீசை ஒட்டும் ஸ்பிரிட் கம் எல்லாம் கலந்த ஒரு வாசனை வரும். கலைக்கத் தேங்காய் எண்ணெய்.

சமூக நாடகமென்றால் படுதா போதாது, வீடு வேண்டும். அதற்குத் தட்டி கட்டுவோம். ரீப்பர் கட்டைகளை ஆளுயரத்துக்கு மேல் சட்டமாக அடித்து, காடாத் துணியை இழுத்து ஆணி அறைய வேண்டும். துணி தொய்யாமல் விறைக்க வஜ்ரம் காய்ச்சித் தடவ வேண்டும். அந்த நாற்றம் விடுதி வரை வரும். காய்ந்த பிறகு வண்ணப் பொடியைக் கரைத்துச் சுவர் நிறம் அடித்து, காரை பெயர்ந்த இடத்தையும் ஆணி அடித்த கறையையும் கரித்துண்டால் வரைவான் தாவரவியல் படிக்கும் ஒருவன். பின்வரிசையிலிருந்து பார்த்தால் அசல் வீட்டுச் சுவர். நாடகம் முடிந்ததும் அதே ஆணிகளைப் பிடுங்கி, நிமிர்த்தி, டப்பாவில் போட்டு வைப்போம், அடுத்த ஆண்டுக்கு.

இந்தத் தட்டிகளை ஒழித்தது எல்.இ.டி. திரை என்று சொல்வார்கள். சரியல்ல, அதற்கு வெகு முன்பே அவை குறையத் தொடங்கிவிட்டன. 1977-ல் காந்திகிராமத்தில் சே. இராமானுஜம் நடத்திய நாடகப் பட்டறையும், அடுத்த ஆண்டு மதுரையில் மு. ராமசாமி தொடங்கிய நிஜ நாடக இயக்கமும், சென்னையில் கூத்துப்பட்டறையும் வெற்று மேடைக்கு ஒரு மரியாதையை உண்டாக்கின. அந்தக் காற்று கல்லூரிகளுக்கும் மெதுவாக வந்தது. நான்கு பெஞ்சுகளும் ஒரு கயிறும் போதும், மற்றதை உடல் சொல்லும் என்று இயக்குநர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். தச்சு வேலை குறைந்தது, ஒளி வேலை கூடியது. எல்.இ.டி. திரை வந்தது அதற்கெல்லாம் பிறகு. அதில் இணையத்திலிருந்து எடுத்த அரண்மனை நொடியில் எழும்பும். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் வெளிச்சத்துக்கு முன்னால் நிற்பவனின் முகம் இருண்டுவிடுவதைப் பல போட்டிகளில் பார்த்துவிட்டேன். கரித்துண்டால் வரைந்த சுவர் நடிகனோடு போட்டி போட்டதில்லை.

ஒலியில் மாற்றம் இன்னும் பெரிது. வானொலி நிலையத்தில் தெரிந்தவர் யாராவது இருந்தால் ஸ்பூல் டேப்பில் பின்னணி இசை பதிந்து வாங்கலாம். வினாடிக்கு ஏழரை அங்குலம் ஓடும் டேப்பில், வேண்டாத இரண்டு வினாடி என்பது பதினைந்து அங்குலம். அதை அளந்து, பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்டுவோம். பிறகு கேசட் வந்தது. பென்சிலை நுழைத்துச் சுற்றி, பாட்டு தொடங்கும் இடத்தில் நிறுத்தி, காட்சிக்கு ஒன்றாக வரிசையில் அடுக்கி வைக்கும் காலம். இப்போது எல்லாம் மடிக்கணினியில். கைபேசியில் ஓட்டுபவர்களும் உண்டு. விமானப் பயன்முறையில் போட மறக்காதே என்று அருகில் இருப்பவர் நினைவூட்டிக்கொண்டே இருப்பார்.

காகித வேலையும் திரைக்குப் பின்னால்தான். பிரதியைக் கார்பன் தாள் வைத்து நாலு படி எழுதுவோம். பணம் இருந்தால் ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைல். வெளி அரங்கில் பொதுமக்களுக்கு நடத்துவதென்றால் 1954-ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டப்படி பிரதியைக் காவல்துறையிடம் கொடுத்து அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. நடிகர் எம்.ஆர். ராதாவின் நாடகங்களை மனத்தில் வைத்துக் கொண்டுவந்த சட்டம் அது. ‘பரீக்‌ஷா’ நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில் 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது. இன்றைய மாணவர்கள் பிரதியை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்கிறார்கள். ஒரு வசனத்துக்காகக் காவல் நிலையப் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் இருந்தார்கள் என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். பெற்றவற்றில் இது பெரிய பேறு.

இன்னொரு பேறும் உண்டு. அன்று இருபாலரும் படித்த கல்லூரிகளில், மாலை ஆறு மணிக்குள் மாணவிகள் வீட்டுக்கோ விடுதிக்கோ போய்விட வேண்டும். மகளிர் கல்லூரிகளில் ஏணியில் ஏறியதும் ஆணி அடித்ததும் அவர்களேதான்; மற்ற இடங்களில் ராத்திரி வேலை என்றால் பையன்கள் வேலை. இன்று ஒளிப் பலகை முன் உட்கார்ந்து, காதில் ஹெட்செட்டோடு, மேடையில் இருக்கும் அத்தனை பேரையும் ஒரு சொல்லில் நிறுத்தவும் நகர்த்தவும் செய்யும் மாணவிகளைப் பார்க்கிறேன். ‘க்யூ பன்னிரண்டு, ரெடி... போ’ என்கிற குரலில் தயக்கமே இல்லை.

என் மனம் தங்கிப்போகும் இடம், வசனம் எடுத்துக்கொடுக்கும் பிராம்ப்டர். சைடு விங்கில், தட்டியின் பின்னால், டார்ச் விளக்கை விரல்களால் மூடி, கசியும் வெளிச்சத்தில் பிரதியை வைத்துக்கொண்டு முழு நாடகமும் நின்றபடியே இருப்பார். ஒவ்வொருவர் வசனமும் அவருக்கு மனப்பாடம். நடிகர் யோசித்து நிற்கிறாரா, மறந்து நிற்கிறாரா என்பதை மூச்சை வைத்தே தெரிந்துகொள்வார். மறந்தவருக்கு முதல் சொல்லை மட்டும் கொடுப்பார். இரண்டாவது சொல் தேவைப்படாது. மேலிருந்து தொங்கிய மைக்குகளுக்கு அந்தக் கிசுகிசுப்பு எட்டாது. காலர் மைக் வந்ததும் அந்த வேலை முடிந்துபோனது. நடிகரின் நெஞ்சருகே இருக்கும் மைக், பிராம்ப்டரின் குரலையும் அரங்கத்துக்குக் கேட்க வைத்துவிடும்.

ஆனால் வேலை அழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. அடுத்துப் பேசப்போவது யார் என்று அறிந்து, அவருடைய மைக்கைத் திறந்து, முடித்தவருடையதை மூட வேண்டும். அதைச் செய்யும் ஒலிக்காரர் வரிக்கு வரி பிரதியைத் தொடர்கிறார். நாடகத்தை முழுதாக மனப்பாடமாக வைத்திருப்பவர் இன்று திரைக்குப் பின்னால் இல்லை, பார்வையாளர்களுக்குப் பின்னால் இருக்கிறார். நாடகம் எப்படித் தெரிகிறது என்று அவருக்கு முன்னைவிட நன்றாகத் தெரியும். விங்கில் நின்றவருக்குக் கிடைத்த வேறொன்று அவருக்குக் கிடைப்பதில்லை: அழுது முடித்து உள்ளே வரும் நடிகனுக்குத் தண்ணீர் டம்ளரை நீட்டுவது, மேடைக்குப் போகுமுன் நடுங்கும் கையை ஒரு நொடி பிடித்து விடுவது.

இரவல் நோட்டும் இப்போது இல்லை. குத்துவிளக்கு வார்டன் வீடு, சாய்வு நாற்காலி தமிழ்த்துறை, பட்டுச் சேலை இன்னார் அம்மா என்று எழுதி வைத்து, மறுநாள் காலை வீடு வீடாகத் திருப்பிக் கொடுப்போம். பொருள் கொடுத்த வீடுகளிலிருந்தெல்லாம் நாடகம் பார்க்க வந்திருப்பார்கள். தங்கள் விளக்கு மேடையில் எரிவதைக் காட்டிப் பேசிக்கொள்வார்கள். இன்று வேண்டியதை இணையத்தில் வாங்குகிறார்கள். யாரிடமும் கேட்டு நிற்க வேண்டாம் என்பது வசதிதான். நாடகத்தில் ஊருக்கு இருந்த பங்கும் அதோடு சுருங்கிவிட்டது.

இத்தனை மாறியும் ஒன்று மாறவில்லை. நான் நடுவராகப் போன கல்லூரிப் போட்டிகளில் சிறந்த நடிகர், சிறந்த நடிகை, சிறந்த இயக்கம் என்று பரிசுகள் இருந்தன. ஒளிக்கும் ஒலிக்கும் மேடை நிர்வாகத்துக்கும் பெரும்பாலும் இல்லை. அழைப்பிதழிலும் ‘மற்றும் குழுவினர்’ என்று ஒரே வரி. நாடக விழா நடத்தும் கல்லூரிகள் அடுத்த ஆண்டாவது அந்த வரியை எடுத்துவிட்டு, அதில் அடங்கியவர்களின் பெயர்களை முழுதாக அச்சிட வேண்டும். அதற்கு அரைப் பக்கம் போதும்.