பன்றி தந்த நாட்கள்

1997 புத்தாண்டு நாளில், அசாம் மாநிலம் குவாஹாத்திக்கு அருகே சோனாபூரில் ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. நோயாளிக்கு வயது 32, இதயத்தில் ஓட்டை. டாக்டர் தனிராம் பருவா ஒரு பன்றியின் இதயத்தையும் நுரையீரலையும் எடுத்து அவருக்குப் பொருத்தினார். ஏழாம் நாள் நோயாளி இறந்தார். துணை நின்ற ஹாங்காங் மருத்துவரோடு சேர்த்துப் பருவாவையும் போலீஸ் கைது செய்தது. 40 நாள் சிறை. நடந்தது மருத்துவ நெறிக்குப் புறம்பானது என்றது அரசு நடத்திய விசாரணை.

25 ஆண்டுகள் போயின. 2022 ஜனவரி 7-ஆம் தேதி, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் மேரிலாண்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள் டேவிட் பென்னட் என்ற 57 வயதுக்காரருக்குப் பன்றியின் இதயத்தைப் பொருத்தினார்கள். அவர் இரண்டு மாதம் உயிர் வாழ்ந்தார். உலகப் பத்திரிகைகள் பலவற்றில் அது பெரிய செய்தி. அசாமில் பத்திரிகைக்காரர்கள் மறுபடியும் பருவாவைத் தேடிப் போனார்கள்.

ஒருவருக்குச் சிறை, மற்றவர்களுக்குப் பாராட்டா என்று கேட்கத் தோன்றும். பருவாவுக்காக இரங்குபவர்கள் இன்றும் உண்டு. ஆனால் இரண்டும் ஒரே காரியம் அல்ல. சோனாபூரில் பயன்பட்டது சாதாரணப் பன்றி. பால்டிமோரில் பயன்பட்டதோ பத்து மரபணுக்கள் மாற்றப்பட்ட பன்றி. அதற்குப் பின்னால் பேபூன் குரங்குகளில் ஆண்டுக்கணக்கில் செய்து பார்த்து வெளியிட்ட ஆய்வுகள் இருந்தன. 2021 டிசம்பர் 31 அன்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தந்த அவசர அனுமதி இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்து சம்மதித்த நோயாளி இருந்தார்.

மிருகத்தின் உடலிலிருந்து மருந்து எடுப்பது புதிதல்ல. ஆய்வகத்தில் மனித இன்சுலின் தயாரிக்கும் வழி 1980-களில் வரும்வரை சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொண்டது பன்றி, மாடுகளின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலின்தான். ரத்தம் உறையாமல் இருக்க டயாலிசிஸின்போது கொடுக்கும் ஹெப்பாரின் இன்றைக்கும் பன்றிக் குடலிலிருந்து வருகிறது. இதய வால்வு பழுதானவர்கள் பலருக்குப் பன்றி வால்வோ, மாட்டின் இதய உறையில் தைத்த வால்வோதான் வேலை செய்கிறது. இந்த வால்வுகள் உடலோடு ஒத்துப்போகக் காரணம், அவற்றை ரசாயனத்தில் பதப்படுத்தி உயிரற்ற திசுவாக்கிய பிறகே வைக்கிறார்கள் என்பதுதான். உயிருள்ள முழு உறுப்பை வைத்தால்தான் சண்டை மூள்கிறது.

அந்தச் சண்டையின் மூலகாரணம் ஒரு சர்க்கரை. பன்றியின் செல்களுக்கு மேலே ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரை மூலக்கூறு ஒட்டியிருக்கிறது. பசுவுக்கும் ஆட்டுக்கும்கூட அது உண்டு, மனிதனுக்குக் கிடையாது. ஆனால் நம் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் சிலவற்றிடம் இருக்கிறது. அதனால் கைக்குழந்தையாக இருக்கும்போதே நம் உடல் அதை எதிரியாக அடையாளம் கண்டு, ஆன்டிபாடிகளைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. பன்றியின் உறுப்பில் மனித ரத்தம் பாய்ந்ததும் காத்திருந்த படை பாய்கிறது. ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைந்து, சில நிமிடங்களிலேயே உறுப்பு கருத்துப் போகும்.

இந்தச் சிக்கலைத் தவிர்க்கத்தான் முதலில் மனிதக் குரங்குகளைத் தேடினார்கள். நியூ ஆர்லியன்ஸில் கீத் ரீம்ட்ஸ்மா 1963-64-இல் 13 பேருக்குச் சிம்பன்சியின் சிறுநீரகங்களைப் பொருத்தினார். பெரும்பாலானோர் சில வாரங்களில் இறந்தார்கள். ஒரே ஒரு பள்ளி ஆசிரியை மட்டும் ஒன்பது மாதம் தாக்குப்பிடித்தார். நாள்பட்ட டயாலிசிஸ் எளிதில் கிடைக்காத காலம் அது. அந்த ஒன்பது மாதத்தின் அருமை இன்று நமக்குப் புரிவது கடினம்.

1964 ஜனவரியில் மிசிசிப்பியில் ஜேம்ஸ் ஹார்டி, நினைவிழந்து கிடந்த ஒருவருக்குச் சிம்பன்சியின் இதயத்தை வைத்தார். மனித உடலில் நடந்த முதல் இதய மாற்று அதுதான். சிறிய அந்த இதயத்தால் ஒரு மனிதனின் ரத்த ஓட்டத்தைத் தாங்க முடியவில்லை; ஒன்றரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. உறவினர் கையெழுத்திட்ட படிவத்தில் மிருகத்தின் இதயம் வைக்கப்படலாம் என்ற செய்தியே இல்லை. 1984-இல் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டாவில் லெனர்ட் பெய்லி, இதயம் பாதி வளராமல் பிறந்த ஒரு பெண் சிசுவுக்குப் பேபூனின் இதயத்தைப் பொருத்தினார். 'பேபி ஃபே' என்று உலகம் அழைத்த அந்தக் குழந்தை அதன் பிறகு சுமார் மூன்று வாரம் வாழ்ந்தது. குழந்தையின் ரத்தம் ஓ பிரிவு, பேபூனுடையது ஏபி. பெற்றோருக்கு மற்ற வழிகள் ஒழுங்காக விளக்கப்பட்டனவா என்ற கேள்வி அப்போதே கிளம்பியது. அந்த முன்னோடிகளின் துணிச்சலைப் பேசும்போது, இந்தக் கேள்வியையும் சேர்த்துப் பேசுவதே நியாயம்.

குரங்குகளை விட்டுப் பன்றிக்குத் திரும்பியதற்குப் பல காரணங்கள். சிம்பன்சி அருகிவரும் இனம். ஓர் ஈற்றில் ஒரு குட்டி. அதன் கிருமிகள் மனிதனுக்கு எளிதில் தாவக்கூடியவை. பன்றி ஓர் ஈற்றில் எட்டு, பத்துக் குட்டி போடும். சில மாதங்களில் அதன் இதயமும் சிறுநீரகமும் மனிதனுக்குப் பொருந்தும் அளவுக்கு வளர்ந்துவிடும். மிச்சமிருந்த தடை அந்தச் சர்க்கரை.

1996-இல் டாலி என்ற ஆட்டுக்குட்டி குளோனிங் முறையில் பிறந்தபோது அதற்கு வழி பிறந்தது. ஆய்வகத்தில் ஒரு செல்லின் மரபணுவைத் திருத்தி, அந்தச் செல்லிலிருந்தே முழு விலங்கை உருவாக்கலாம் என்றாயிற்று. சர்க்கரையை உண்டாக்கும் மரபணு முடக்கப்பட்ட பன்றிக்குட்டிகள் பிறந்த செய்தி 2002-இல் வெளியானது. பென்னட்டுக்கு இதயம் கொடுத்த பன்றியில் இந்த மரபணுவும், வேறு இரண்டு சர்க்கரைகளுக்கான மரபணுக்களும் முடக்கப்பட்டிருந்தன. நெஞ்சுக்கூட்டுக்குள் இதயம் பெருத்துவிடாதிருக்க வளர்ச்சி ஹார்மோனுக்குச் செல் செவிசாய்க்கும் மரபணுவும் நிறுத்தப்பட்டது. ரத்தம் உறைவதையும் எதிர்ப்புத் தாக்குதலையும் தணிக்கும் ஆறு மனித மரபணுக்கள் உள்ளே சேர்க்கப்பட்டன.

பால்டிமோரில் கத்தி பிடித்தவர் பார்ட்லி கிரிஃபித். பேபூன் ஆய்வுகளை நடத்தி அதற்கு அடித்தளம் போட்டவர் முகமது மொஹியுதீன், கராச்சியில் மருத்துவம் படித்தவர். இஸ்லாமியரான ஒருவர் ஆயுளின் பெரும்பகுதியைப் பன்றியின் இதயத்தோடு செலவிட்டதில் எத்தனை தயக்கங்களைக் கடந்திருப்பார் என்பதை ஊகிக்கலாம்.

பென்னட் படுத்த படுக்கையாக, இதய-நுரையீரல் வேலையைச் செய்யும் எக்மோ இயந்திரத்தின் தயவில் இருந்தவர். மனித இதயம் பெறத் தகுதியற்றவர் என்று மருத்துவமனைகள் கைவிரித்திருந்தன. புதிய இதயம் வாரக்கணக்கில் நன்றாகத் துடித்தது. உடல் அதை நிராகரிக்கும் அறிகுறியே இல்லை. பிறகு திடீரென்று தளர்ந்தது. மார்ச் 8-ஆம் தேதி அவர் இறந்தார். அந்த இதயத்தில் பன்றிகளைத் தாக்கும் ஒரு சைட்டோமெகலோ வைரஸ் ஒளிந்திருந்தது. பன்றியின் மூக்கிலிருந்து எடுத்த சோதனைகளில் அது அகப்படவில்லை. தூங்கிக் கிடக்கும் வைரஸை அந்தச் சோதனையால் பிடிக்க முடியாது. வைரஸ்தான் காரணமா, எதிர்ப்பு ஆன்டிபாடிகளா, அவரது மெலிந்த உடலா என்ற விவாதத்தில் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு என்றே ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதன் பிறகு சோதனைகள் கடுமையாயின.

வைரஸ் பயம் வீண் பயம் அல்ல. பன்றியின் மரபணுத் தொகுப்புக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் வைரஸ்கள் மனித செல்களைத் தொற்றக்கூடும் என்று லண்டனில் ராபின் வைஸ் குழு ஆய்வகத்தில் காட்டியது, பருவா சிறை சென்ற அதே 1997-இல். ஒரு நோயாளியைக் காப்பாற்றப்போய் ஊருக்கே புதிய தொற்றைக் கொடுத்துவிட்டால்? இந்தக் கேள்வியால் ஆய்வுகள் பல ஆண்டுகள் முடங்கின. பின்னர் ஹார்வர்டின் ஜார்ஜ் சர்ச்சும் லூஹான் யாங்கும் கிறிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியால் அந்த வைரஸ் துண்டுகளை முடக்கிக் காட்டினார்கள். இன்று இத்தகைய பன்றிகள் வடிகட்டிய காற்றும் காவலும் உள்ள கூடங்களில் வளர்கின்றன. ஊழியர்கள் குளித்து உடை மாற்றிய பிறகே உள்ளே போகிறார்கள். உறுப்பு பெற்றவர்களையோ ஆயுள் முழுக்கக் கண்காணிக்கிறார்கள். 'இனி வேண்டாம்' என்று எளிதாக விலகிப் போக முடியாத சம்மதம் இது. அதை நோயாளிக்கு முன்கூட்டியே விளங்க வைப்பது மருத்துவரின் கடமை.

இதயத்தைவிடச் சிறுநீரகத்தில்தான் இப்போது வேகம். தோற்றால் டயாலிசிஸுக்குத் திரும்பலாம் என்பது ஒரு காரணம். 2021 செப்டம்பரில் நியூயார்க்கில் ராபர்ட் மான்ட்கோமரி, மூளைச்சாவு அடைந்த ஒரு பெண்ணின் உடலோடு பன்றிச் சிறுநீரகத்தை இணைத்து 54 மணி நேரம் பார்த்தார். மான்ட்கோமரியே 2018-இல் வேறொருவரின் இதயம் பெற்று உயிர் பிழைத்தவர். காத்திருப்பின் வலி அறிந்தவர். 2023-இல் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் உடலில் இதே சோதனை 61 நாள் நீண்டது. உறவை இழந்த துக்கத்திலும் இறுதிச் சடங்கைத் தள்ளி வைத்து உடலைக் கொடுத்த குடும்பங்கள் செய்த கொடை சாதாரணமானதல்ல.

2024 மார்ச்சில் பாஸ்டனில் ரிக் ஸ்லேமன் என்ற 62 வயதுக்காரர் 69 மரபணு மாற்றங்கள் செய்த பன்றியின் சிறுநீரகத்தைப் பெற்றார். ரத்தம் பாய்ந்ததும் அது இளஞ்சிவப்பாகிச் சிறுநீரைச் சுரந்தபோது அறுவை அறையில் கைதட்டல் எழுந்தது. இரண்டு மாதத்துக்குள் அவர் இறந்தார்; இதயக் கோளாறுதான் காரணம், இறந்தபோது உறுப்பு நிராகரிக்கப்பட்ட அறிகுறி இல்லை. அதே மருத்துவமனையில் 2025 ஜனவரியில் டிம் ஆண்ட்ரூஸ் பெற்ற சிறுநீரகம் 271 நாள் உழைத்தது. அமெரிக்காவில் அதே ஆண்டு முறைப்படியான சோதனைகளுக்கு அனுமதியும் கிடைத்தது.

அலபாமாவைச் சேர்ந்த டவானா லூனி 1999-இல் தன் தாய்க்கு ஒரு சிறுநீரகத்தைத் தானம் செய்தவர். பின்னாளில் கர்ப்பகாலச் சிக்கலில் ஏறிய ரத்த அழுத்தம் மிச்சமிருந்த ஒன்றையும் கெடுத்தது. 2016 இறுதியிலிருந்து வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் மணிக்கணக்கில் டயாலிசிஸ். அவருடைய ரத்தத்தில் ஆன்டிபாடிகள் மிகுந்திருந்ததால் பொருத்தமான மனிதச் சிறுநீரகம் கிடைப்பது ஏறக்குறைய நடவாத காரியம். 2024 நவம்பர் 25 அன்று, 53 வயதில், நியூயார்க்கில் பன்றிச் சிறுநீரகத்தைப் பெற்றார். ஒரு தொற்றுக்காக எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் குறைத்தபோது உடல் உறுப்பை நிராகரித்துவிட, 2025 ஏப்ரலில் மருத்துவர்கள் அதை அகற்றினார்கள். லூனி டயாலிசிஸுக்குத் திரும்பினார். இடைப்பட்ட 130 நாட்களில் ஒரு நாளும் அந்த இயந்திரம் அவருக்குத் தேவைப்படவில்லை.