உங்க டிபன் பாக்ஸில் சோறு எவ்வளவு, பருப்பு எவ்வளவு?

இன்னிக்கு மதியம் சாப்பிட உட்காரும்போது ஒரு சின்ன வேலை செய்யுங்க. டிபன் பாக்ஸைத் திறந்ததும் உடனே கை வைக்காம ஒரு நிமிஷம் பாருங்க. சோறு எத்தனை பங்கு, காய் எத்தனை பங்கு? பருப்பு, பயறு, முட்டை மாதிரி புரதம் தரும் பொருள் எவ்வளவு இருக்கு? நம்மில் பலருடைய பாக்ஸில் முக்கால் பங்கு சோறு, மேலே குழம்பு, ஓரத்தில் ஒரு கரண்டி உருளைக்கிழங்கு. தக்காளி சாதம், எலுமிச்சை சாதம் என்றால் அந்தக் கிழங்கும் போய் சிப்ஸ் வந்துடும்.

என் அம்மாவின் பாக்ஸும் இப்படித்தான் இருந்தது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பல வருஷமா அதே எவர்சில்வர் பாக்ஸ், அதே குழம்புச் சோறு. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வந்த சுகாதாரத் தன்னார்வலர் பரிசோதித்தபோதுதான் அம்மாவுக்கு சர்க்கரை கூடியிருப்பது தெரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, “மதியம் என்னம்மா கொண்டு போறீங்க?” என்று கேட்டார். வீட்டுக்கு வந்த அம்மா என்னிடம் சொன்னது: “சோத்தைக் கொறைச்சா சாயங்காலம் வரைக்கும் வேலை செய்யத் தெம்பு வேணுமே கண்ணு.”

நியாயமான கவலை. ஆனா தெம்பு சோற்றில் மட்டும் இல்லை. சராசரி உடல் உழைப்புள்ள ஒருவருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 0.8 கிராம் புரதம் தினமும் தேவை. 60 கிலோ எடை என்றால் ஏறக்குறைய 50 கிராம். வெந்த சோறு 100 கிராமில் கிடைப்பது 3 கிராமுக்கும் குறைவு. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம் வரை இருக்கு. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும், அன்றாடம் நமக்குக் கிடைக்கும் சக்தியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. அரிசியை விட்டு கம்பு, ராகிக்கு மாறினாலும் இதே கணக்குதான், அவையும் தானியம்தானே. சிறுதானியம் நல்லதுதான். ஆனா பாக்ஸ் முழுக்க சாமை சோறு என்றால் பிரச்சினை பாதிதான் தீர்ந்திருக்கு.

எனவே வீட்டில் பாக்ஸை மாற்றவில்லை, பங்கைத்தான் மாற்றினோம். கீழ் அடுக்கில் பாதி சோறு, மீதியில் கெட்டியான பருப்பு அல்லது சுண்டல். மேல் அடுக்கு முழுக்க காய். இதற்குத் தனிச் செலவு பெரிசா ஆகலை. ரேஷன் கடையில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்தான். கடையில் இருப்பு இருக்கான்னு பொது விநியோகத் திட்ட செயலியில் பார்த்துட்டுக் கிளம்பினா அலைச்சலும் மிச்சம். காய்க்கு உழவர் சந்தை. காலையிலேயே போனா பீர்க்கங்காய், புடலங்காய், கொத்தவரங்காய், கீரை எல்லாம் ஒரே நடையில் வாங்கிடலாம்.

“காலையில நேரமே இல்லையே” என்பீங்க. எனக்கும் இல்லை. அதனால பாதி வேலையை முந்தின ராத்திரிக்குத் தள்ளிவிடுங்க. படுக்கப் போகும் முன் ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ ஊறப்போட ஒரு நிமிஷம்கூட ஆகாது. காலையில் குக்கரில் சோறு கீழே, பயறு மேல் தட்டில். காயை நறுக்கி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் பொரியல் பத்து நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை பருப்புப் பொடியோ எள்ளுப் பொடியோ அரைத்து வைத்தால், தாமதமாகிற நாளில் சூடான சோற்றில் பொடியும் நல்லெண்ணெயும் போட்டு, கூட ஒரு அவித்த முட்டை, ஒரு வெள்ளரிக்காய் வைத்துக் கிளம்பிடலாம். சமையல் தெரியாம ரூமில் தங்கியிருக்கும் தம்பிகளுக்கும் இது முடியும்.

இனி, பலர் யோசிக்காத ஒரு விஷயம். காலை ஏழு மணிக்கு மூடிய பாக்ஸை மதியம் ஒரு மணிக்குத் திறக்கிறோம். நடுவில் ஆறு மணி நேரம், அதிலும் நம்ம ஊர் வெயிலில். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையான சூட்டில்தான் கிருமிகள் வேகமாப் பெருகும். சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சோற்றில் கூடுதல் சிக்கல் உண்டு. அரிசியில் இருக்கும் ஒரு வகை பாக்டீரியாவின் விதைகள் வேகும்போதும் சாகாது. சோறு வெதுவெதுப்பா கிடக்கும் நேரத்தில் அது பெருகி நச்சை உண்டாக்கும். மறுபடி சூடு பண்ணினாலும் அந்த நச்சு போகாது. வாசனை நல்லாத்தானே இருக்குன்னு சாப்பிட்டு, சாயங்காலம் வாந்தி எடுப்பது இப்படித்தான்.

என்ன செய்யலாம்? வேலை செய்யும் இடத்தில் ஃபிரிட்ஜ் இருந்தால் போனவுடன் பாக்ஸை அதில் வையுங்க. இல்லையா, சூடு காக்கும் பாக்ஸ் ஒன்று வாங்குவது வீண் செலவில்லை. அதில் முதலில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிஷம் மூடிவைத்து, கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் சோற்றைப் போட்டு உடனே மூடுங்க. சாதாரண எவர்சில்வர் பாக்ஸ்தான் என்றால் முறை வேறு. ராத்திரி மிஞ்சியதைக் கட்டாதீங்க. காலையில் வடித்த சோற்றை தட்டில் பரப்பி ஆறவிட்டு, கிளம்பும் நேரத்தில் கட்டுங்க. புளிசாதம், தயிர்சாதம் மாதிரி புளிப்பு சேர்ந்தவை மற்றதைவிடத் தாக்குப்பிடிக்கும். தயிர்சாதத்துக்கு நம்ம வீடுகளில் ஒரு பழைய வழி இருக்கே: குழைந்த சோற்றில் வெதுவெதுப்பான பாலை ஊற்றி, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் கலந்து கட்டிவிடுவது. மதியத்துக்குள் உறைந்து, அளவான புளிப்போடு இருக்கும். தேங்காய்ச் சட்னி, தேங்காய் அரைத்த கூட்டு ரெண்டும் கோடையில் பாக்ஸுக்கு வேண்டாம். வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கொய்யாப்பழம் எந்த வெயிலிலும் கெடாது.

வெளியே வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. சூடான சாம்பாரை பிளாஸ்டிக் கவரில் கட்டித் தந்தால் வாங்காதீங்க. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கு. செய்தித்தாளில் மடிக்கும் வடையும் வேண்டாம், அச்சு மை உணவில் ஒட்டும். உங்க பாக்ஸைக் கொடுத்து வாங்குங்க, முகம் சுளிக்கும் கடைக்காரர்கள் குறைவு. உணவின் தரம் பற்றிப் புகார் சொல்ல உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நாளையே சோற்றைப் பாதியாக்கிடாதீங்க. மருந்தின் அளவு அப்படியே இருந்து சாப்பாடு மட்டும் குறைந்தால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரிடம் கேட்டுட்டு மாற்றுங்க. போனில் ஆலோசனை கேட்க 104 இருக்கு.

அம்மாவுக்கு மாத்திரை இன்னும் தொடருது. மதிய உணவுக்குப் பிறகு மேஜையில் தலை சாய்ப்பது மட்டும் நின்றிருக்கு. பக்கத்து டேபிள் அக்காக்கள் இப்போ சுண்டலில் பங்கு கேட்கிறாங்களாம், அதனால ராத்திரி ஊறப்போடும் கைப்பிடி ரெண்டு ஆகியிருக்கு.