மாரடைப்புக்குப் பின் ஒரு மாரத்தான்

1973 பாஸ்டன் மாரத்தானில், டொரன்டோவிலிருந்து வந்த ஏழு பேர் 42 கிலோமீட்டரையும் ஓடி முடித்தார்கள். எத்தனையாவதாக வந்தார்கள் என்பது முக்கியமல்ல. ஏழு பேருமே மாரடைப்பு வந்து பிழைத்தவர்கள். பயிற்சி கொடுத்தவர் அவர்களுடைய டாக்டர், டெரன்ஸ் கவனா.

இன்று கேட்டாலே வயிற்றைக் கலக்கும் விஷயம் இது. அதற்கு இருபது வருடம் முன்பு வரை மாரடைப்பு என்றால் வாரக்கணக்கில் படுத்த படுக்கைதான். சோறுகூட யாராவது ஊட்டிவிட வேண்டும். 1952-ல் சாமுவேல் லெவின், பெர்னார்ட் லௌன் என்ற பாஸ்டன் டாக்டர்கள் நோயாளிகளை நாற்காலியில் உட்காரவைத்ததே பெரிய துணிச்சலாகத் தெரிந்தது.

கவனா யாரையும் எடுத்த எடுப்பில் ஓடவிடவில்லை. முதலில் பரிசோதனை, பிறகு நடை. இவ்வளவு தூரம், இத்தனை நிமிடம் என்று மருந்து மாதிரி அளவு சொல்லி, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்.

செத்த இதயத் தசை இதனால் உயிர் பெறுமா? பெறாது, அது தழும்பாகிவிடும். ஆதாயம் வேறு இடத்தில். கால் தசைகள் ரத்தத்திலிருந்து ஆக்ஸிஜனைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளப் பழகுகின்றன. அதே மாடிப்படியை ஏற இதயம் குறைவாகத் துடித்தால் போதும். சேர மாதங்கள் ஆகும் இந்தப் பலன், நடையை விட்டால் சில வாரங்களிலேயே கரையத் தொடங்கும். 12,169 ஆண்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து, கவனாவின் குழு 2002-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. உடல் எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்த முடிகிறதோ, அதை வைத்தே ஆயுளைப் பெருமளவு கணிக்க முடிந்தது.

நம் டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைக்குக் காலை 1, இரவு 1 என்று இருக்கும். நடைக்கோ பெரும்பாலும் ‘லேசா நடங்க’ என்ற வாய்வார்த்தைதான். எவ்வளவு, எந்த வேகத்தில், எத்தனை நாள்? கேட்டு எழுதி வாங்குங்கள்.

நாடியை எண்ணி வேகத்தை அளக்கலாமே என்று தோன்றும். மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அந்தக் கணக்கு ஏமாற்றும். மாத்திரையே துடிப்பைக் குறைத்து வைத்திருக்கும். பேச்சு நல்ல அளவுகோல்: கூட நடப்பவரிடம் மூச்சு வாங்காமல் ஒரு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. நெஞ்சு இறுக்கினால் உடனே நின்று உட்காருங்கள், விடவில்லையென்றால் ஆஸ்பத்திரிதான். மற்ற நாட்களில் சட்டென்று நிற்காதீர்கள். ரத்தம் காலில் தேங்கித் தலை சுற்றும். கடைசி ஐந்து நிமிடம் மெதுவாக நடந்தே முடியுங்கள்.