முதலில் மாதிரி, பிறகு மூலதனம்

அஸ்தினாபுரம் என்றதும் நேயர்களுக்குத் திருதராஷ்டிர மகாராஜாவின் சபை ஞாபகத்துக்கு வரக்கூடும். நாம் சொல்வது குரோம்பேட்டைக்குக் கிழக்கே உள்ள அஸ்தினாபுரத்தை. 2021-ஆம் ஆண்டு முதல் தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த பேட்டை. இங்கே சகுனியும் இல்லை, பகடையும் இல்லை. ஆயினும் சூதாட்டத்துக்குச் சற்றும் குறையாத ஒரு காரியத்தைச் சிறு தொழில் தொடங்குவோர் எங்கும் செய்துவருகிறார்கள். பொருள் சரியாக அமையுமா என்று அறியுமுன்பே, கையிலுள்ள முதல் அனைத்தையும் அச்சு வெட்டுவதில் கொட்டிவிடுகிறார்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். தென் சென்னைப் புறநகர்களில் கேன் தண்ணீர் வாங்காத வீடு அபூர்வம். இருபது லிட்டர் கேனின் வாயில் பொருந்தக்கூடிய குழாய் அடைப்பான் ஒன்றைச் செய்து விற்கலாமென்று பேட்டைவாசி ஒருவருக்கு யோசனை தோன்றுவதாக வைத்துக்கொள்வோம். உருக்கிய பிளாஸ்டிக்கைப் பாய்ச்சி வார்ப்பதற்கு எஃகினால் அச்சு வேண்டும். பட்டறைக்காரர்கள் 'டை' என்பார்கள். சிறிய டை என்றாலும் செலவு லட்சக் கணக்கில் போய்விடும். வாரக் கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். கடைசியில் முதல் அடைப்பான் வெளிவருகிறது. அரை மில்லிமீட்டர் பருமன் அதிகம். கேனின் வாயில் நுழைய மாட்டேன் என்கிறது. அச்சின் குழியை இன்னும் வெட்டிப் பெரிதாக்குவது சுலபம். வெட்டிய எஃகைத் திரும்பவும் பற்றவைத்துக் குழியைச் சிறிதாக்குவதோ பெரும்பாடு. நம்முடைய நண்பர் வட்டிக்கு வாங்கிய பணம் அந்த அரை மில்லிமீட்டரில் முழுகிப் போகிறது.

இதே மனிதர் வேறு வழியிலும் போகலாம். அடைப்பானின் வடிவத்தைக் கம்ப்யூட்டரில் வரைகிறார். அந்தப் படத்தை யந்திரம் மெல்லிய தகடுகளாகச் சீவிக்கொள்கிறது. முறுக்கு பிழியும் நாழியைப் போன்ற ஒரு முனையிலிருந்து, சுமார் இருநூறு டிகிரிச் சூட்டில் இளகிய பிளாஸ்டிக் இழை கசிகிறது. அது அடுக்கின் மேல் அடுக்காகப் படிந்து உருவமாகிறது. ஓர் அடுக்கின் கனம் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர். இந்த இழை கிலோ ஆயிரம் ரூபாய்க்கு முன்பின்னாகக் கிடைக்கிறது. அடைப்பானின் எடை நாற்பது கிராம் என்றால் சரக்கின் விலை நாற்பது ரூபாய். நேரம் சில மணி. பொருந்தவில்லையா? படத்தில் ஓர் எண்ணை மாற்றி மறுபடி செய்கிறார். பத்துத் தடவை தவறினாலும் நானூறு ரூபாய். மின்சாரமும் பொறுமையும் தனி. வாயில் கச்சிதமாக உட்கார்ந்த பிறகு டை வெட்டக் கொடுக்கிறார். 'விரைவு மாதிரி' என்ற முறையின் சூட்சுமம் இவ்வளவுதான்.

இந்த யந்திரத்தின் சரித்திரம் நீண்டதல்ல. ஒளி பட்டால் இறுகும் திரவத்தைக் கொண்டு அடுக்கடுக்காக உருவம் சமைக்கலாமென்று 1981-இல் ஜப்பானில் ஹிடியோ கோடாமா எழுதினார். அமெரிக்காவில் சார்லஸ் ஹல் 1984-இல் விண்ணப்பித்து, 1986-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஸ்காட் கிரம்ப் என்பவர் தம் பெண் குழந்தைக்குத் தவளைப் பொம்மை செய்யப் பசைத் துப்பாக்கியை எடுத்தார். இழையை உருக்கிப் படியவைக்கும் முறை அதிலிருந்து பிறந்தது. அந்த முறைக்கான காப்புரிமை 2009-இல் முடிந்தது. அதுவரை பெரிய கம்பெனிகளின் குளிரூட்டிய அறையிலிருந்த யந்திரம் பிற்பாடு சாதாரண மேஜைக்கு இறங்கிவந்தது. காப்புரிமை பிறப்பதால் உலகம் அடையும் நன்மையைப் பற்றிப் பலர் பேசுகிறார்கள்; அது இறப்பதால் அடையும் நன்மையையும் சேர்த்துப் பேசுவது நியாயம்.

யந்திரம் புதிது; யுக்தி நமக்குப் புதிதல்ல. சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் விக்கிரகத்தை வடிக்கிறார்கள். விரலின் வளைவு பிடிக்கவில்லையென்றால் சற்றுச் சூடு காட்டித் திருத்திக்கொள்ளலாம். பிறகுதான் களிமண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை ஊற்றுகிறார்கள். விலை குறைந்த பொருளில் எல்லாப் பிழையையும் செய்து தீர்த்துவிட்டு, விலை உயர்ந்த பொருளைத் தொடுவது அவர்களுடைய பழக்கம். இப்போது நகைப் பட்டறைகளில் இந்த மெழுகு மாதிரியையே யந்திரத்தில் செய்து வார்க்கிறார்கள்.

அஸ்தினாபுரத்துக்கு அண்மையிலுள்ள சென்னைத் தொழில்நுட்ப நிலையம், எம்.ஐ.டி., 1949-இல் ஸ்ரீ சி. ராஜம் தம் வீட்டை விற்ற பணத்தைக் கொண்டு தொடங்கியது. அங்கே படித்த அப்துல் கலாம் தயாரித்த விமானத் திட்டத்தை அவருடைய ஆசிரியர் ஸ்ரீநிவாசன் பார்த்து, 'இது போதாது' என்று மூன்றே நாள் தவணை கொடுத்தார். தவறினால் உபகாரச் சம்பளம் நின்றுவிடும் என்றும் எச்சரித்தார். கலாம் இரவு பகலாக உட்கார்ந்து வரைந்து முடித்தார். ஆசிரியரின் கண்டிப்பைப் புகழ இக்கதையைச் சொல்வார்கள். நமக்கு வேறொன்று தோன்றுகிறது. விமானத்தின் பிழையைக் காகிதத்தில் அழிக்க ஒரு ரப்பர் போதும்.

மகாத்மா காந்தியின் காரியத்திலும் இது நிகழ்ந்தது. 1929-இல் அகில பாரத சர்க்கா சங்கம் நல்ல ராட்டினத்துக்கு ஒரு லட்ச ரூபாய் பரிசு அறிவித்தது. எட்டு மணி நேரத்தில் 16,000 அடி நூல் நூற்க வேண்டும். விலை 150 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. பரிசை ஒருவரும் பெறவில்லை. ஆயினும் தேடல் நிற்கவில்லை. பின்னர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் அமைத்த ராட்டினம்தான் அவருடைய பெயராலேயே 'அம்பர் சர்க்கா' என்று தேசமெங்கும் பரவியது. நம் நாட்டவருக்குக் கற்பனைப் பஞ்சம் என்போருக்கு இந்தப் பெயர் ஒன்றே பதில். பஞ்சம் கற்பனைக்கல்ல; பத்து முறை தவறிப் பார்க்க வசதியில்லாமைக்குத்தான்.

அந்த வசதி கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தரமணியில் சான்று உண்டு. 2017-இல் ஸ்ரீநாத் ரவிச்சந்திரனும் மொயினும், சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் சத்யநாராயணன் சக்கரவர்த்தியின் துணையோடு, 'அக்னிகுல்' என்ற ராக்கெட் கம்பெனியைத் தொடங்கினார்கள். சாதாரணமாக ராக்கெட் எஞ்சினைப் பல உறுப்புகளாகச் செய்து பற்றவைத்து இணைப்பார்கள். இவர்கள் உலோகப் பொடியை உருக்கிப் படியவைத்து, உள்ளே குளிர்ச்சிக்கான நுண் வாய்க்கால்களோடு, ஒரே துண்டாக அச்சிட்டார்கள். சில தினங்களில் ஓர் எஞ்சின் அச்சாகிவிடுகிறதென்று சொல்கிறார்கள். திரவ ஆக்ஸிஜனும் விமான எரிபொருளும் கொண்டு இயங்கும் அந்த எஞ்சினோடு, 2024-ஆம் ஆண்டு மே 30-ஆம் தேதி, அவர்களுடைய பரிசோதனை ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும்பியது. அதற்கு முன் நான்கு தடவை புறப்பாடு ஒத்திவைக்கப்பட்டது. ஐந்தாம் தடவைவரை ஒரு சிறு கம்பெனி தாக்குப்பிடித்ததை நாம் முக்கியமாகக் கருதுகிறோம்.

இதைச் சர்வரோக நிவாரணியாக நினைத்துவிடக் கூடாது. அடுக்குகளுக்கு இடையே பிடிப்பு குறைவாதலால், இழையில் செய்த மாதிரி வார்த்த பொருளின் வலிமையைக் காட்டாது. வடிவத்தையும் பொருத்தத்தையும் மட்டுமே காட்டும். ஆயிரக் கணக்கில் தேவையென்றால் டையே மலிவு. வெயிலில் வைத்த காரில் சில வகை இழை வளைந்துபோகும். மாதிரி செய்வதே ஒரு பொழுதுபோக்காகிச் சரக்கைக் கடைக்கு அனுப்பாதவர்களும் உண்டு.

பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்பவர்களானதால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2016-இல் மத்திய அரசின் நிதி ஆயோக், 'அடல் டிங்கரிங்' கூடங்களைத் தொடங்கியது. தேர்ந்தெடுத்த பள்ளிக்கு இருபது லட்ச ரூபாய் வரை மானியம். வாங்கும் சாமான்களில் இந்த யந்திரமும் ஒன்று. சில இடங்களில் பிள்ளைகள் அதில் அற்புதமாக வேலை செய்கிறார்கள். வேறு சில இடங்களில், பழுதாகிவிடுமோ என்ற பயத்தினால் யந்திரத்துக்குத் துணி போர்த்தி, அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் திறக்கிறார்கள். இழை தீர்ந்தால் வாங்கப் பணம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். முனை அடைத்துக்கொண்டால் சுத்தம் செய்யத் தெரிந்தவர் மாற்றலாகிப் போயிருப்பார்.

இந்தப் பேட்டைகளில் பட்டறைகளும் பள்ளிகளும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. பட்டறைக்காரருக்கு யந்திரம் வேண்டும். பள்ளிக்கு இழையும், பழுது பார்க்கத் தெரிந்த கையும் வேண்டும். மாலை நான்கரை மணிக்குப் பிறகு கூடத்தைத் திறந்து, இழைக்கும் மின்சாரத்துக்கும் கட்டணம் வாங்கிக்கொண்டு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளையே படம் வரையச் சொல்லலாம். பெற்றோர்கள் அடுத்த முறை தலைமையாசிரியரைச் சந்திக்கும்போது, மதிப்பெண்ணோடு இந்த யந்திரத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை விசாரித்து வரலாம்.