ஓனர் பாஸ்வேர்டு கேட்டு அடம்பிடிக்கும் கம்ப்யூட்டர்: கடை ஊழியர்கள் சமாளிப்பது எப்படி?

ஜெராக்ஸ் கடை, மருந்துக்கடை, டி.டி.பி. சென்டர் என எங்கு பார்த்தாலும் கம்ப்யூட்டர் பில்தான். ஆனால் கடையில் கூட்டம் அலைமோதும் நேரம் பார்த்து, பழைய பில்லிங் புரோகிராம் "அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு கொடு" என்று முரண்டு பிடிக்கும். ஓனரோ வெளியூரில் இருப்பார். ஊழியர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்.

"இந்தத் தொல்லையே வேண்டாம்" என்று சில ஓனர்கள் பாஸ்வேர்டை மானிட்டரிலேயே எழுதி ஒட்டிவிடுகிறார்கள். கல்லாப்பெட்டி சாவியை கடை வாசலில் தொங்கவிட்ட கதைதான் இது!

2 வகை அக்கவுண்ட்

விண்டோசில் 2 வகை அக்கவுண்ட் உண்டு. ஒன்று அட்மினிஸ்ட்ரேட்டர். இவருக்கு சகல அதிகாரமும் உண்டு. இன்னொன்று ஸ்டாண்டர்டு யூசர். 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யில் இதற்கு 'லிமிடெட் அக்கவுண்ட்' என்று பெயர். இவர் வேலை பார்க்கலாம், பிரிண்ட் எடுக்கலாம். கம்ப்யூட்டரின் அடிப்படையில் கை வைக்க முடியாது.

புது கம்ப்யூட்டரில் முதலில் உருவாக்கும் அக்கவுண்ட் அட்மினிஸ்ட்ரேட்டர்தான். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிவந்த கம்ப்யூட்டரை அப்படியே கடையில் வைத்து ஓட்டினால், உட்காருகிறவர் எல்லாருமே முதலாளிதான். அந்த நேரத்தில் பென் டிரைவில் ஒரு வைரஸ் வந்தால் அதுவும் முதலாளி ஆகிவிடும். ஆன்டிவைரசை நிறுத்திவிட்டு, அடிக்கிற பேங்க் பாஸ்வேர்டை எல்லாம் திருடலாம்.

அடம் பிடிப்பது ஏன்?

எக்ஸ்.பி. காலத்தில் பெரும்பாலானவர்கள் அட்மினிஸ்ட்ரேட்டராகவே வேலை பார்த்தனர். அதனால் அன்று எழுதிய பல புரோகிராம்கள், பில் விவரங்களை 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள்ளேயே எழுதும். ஸ்டாண்டர்டு யூசருக்கு அங்கே எழுத அனுமதி கிடையாது. சிக்கலுக்கு முக்கிய காரணம் இதுதான்.

காணாமல் போகும் பில்!

2007-ல் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா இதற்கு ஒரு குறுக்கு வழி செய்தது. பழைய புரோகிராம் அங்கே எழுத முயன்றால் தடுக்காமல், 'விர்ச்சுவல் ஸ்டோர்' என்ற மறைவான ஃபோல்டரில் சத்தமில்லாமல் எழுதிவிடும். விண்டோஸ் 10, 11-லும் இந்த ஏற்பாடு இருக்கிறது.

இந்த ஃபோல்டர் ஒவ்வொரு யூசருக்கும் தனித்தனி. காலை ஷிப்ட் ஊழியர் தன் அக்கவுண்டில் போட்ட பில், மாலை ஷிப்ட் ஊழியரின் அக்கவுண்டில் தெரியாது. ஓனர் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் அவருக்கும் தெரியாது. "பில்லை அழிச்சது யாரு?" என்று ஊழியர் மீது பழி விழும். பில் எங்கும் போகவில்லை. 'யூசர்ஸ்' ஃபோல்டரில் அந்த ஊழியரின் பெயரைத் திறந்து, ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல் ஸ்டோர் என்று உள்ளே போய்ப் பார்த்தால் பத்திரமாக இருக்கும். ஆப்டேட்டா கண்ணில் படாவிட்டால், மறைந்த ஃபைல்களைக் காட்டும் வசதியை 'ஆன்' செய்ய வேண்டும்.

என்ன செய்யலாம்?

* எப்போதாவது ஒருமுறை தேவை என்றால், புரோகிராம் மீது ரைட் கிளிக் செய்து 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்கள். ஓனரே வந்து பாஸ்வேர்டு அடிக்கட்டும். அப்போது புரோகிராம் ஓனர் பெயரில் ஓடும். சேமிக்கும் ஃபைல் ஓனரின் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டருக்குப் போய்விடலாம். அங்கேயும் தேடிப் பாருங்கள்.

* தினமும் தேவை என்றால், புரோகிராம் விற்றவரிடம் புதிய பதிப்பு கேளுங்கள். அல்லது பில் விவரங்களை வேறு ஃபோல்டருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்.

* இரண்டுக்கும் வழி இல்லையா? முதலில் பென் டிரைவில் நகல் எடுத்து வையுங்கள். பிறகு ஓனர் தன் அக்கவுண்டில் நுழைந்து, பில் விவரம் இருக்கும் ஃபோல்டர் மீது ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, எடிட் என்று போக வேண்டும். 'யூசர்ஸ்' பெயருக்கு நேராக 'மாடிஃபை' அனுமதியை டிக் செய்தால் போதும். பல புரோகிராம்கள் அதன்பிறகு பாஸ்வேர்டு இல்லாமலே ஓடும்.

உஷார்!

'சி' டிரைவ் முழுவதற்கும் அனுமதி கொடுத்துவிடாதீர்கள். புரோகிராம் இருக்கும் ஃபோல்டரையே திறந்துவிட்டால், அந்த புரோகிராமை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டவே கூடாது. யாராவது உள்ளே ஃபைலை மாற்றி வைத்திருந்தால், போலிக்கு முழு அதிகாரம் கிடைத்துவிடும்.

'ரன் அஸ்' கட்டளையில் 'சேவ்கிரெட்' என்று சேர்த்து பாஸ்வேர்டை நிரந்தரமாகப் பதிந்து வைக்கும் வித்தையும் உண்டு. ஒரு புரோகிராமுக்காகப் பதிந்த அந்த பாஸ்வேர்டை வைத்து, அதே ஊழியர் வேறு எந்த புரோகிராமையும் ஓனர் பெயரில் ஓட்டலாம். இதைத் தவிர்ப்பதே நல்லது.

ஸ்டாண்டர்டு அக்கவுண்ட் இருந்தாலே எல்லாம் பத்திரம் என்று நினைக்க வேண்டாம். ஊழியர் திறக்கக்கூடிய ஃபைல்களை அவர் அக்கவுண்டில் புகுந்த வைரசும் நாசம் செய்யும். அதனால் தினமும் கடையை மூடும் முன், அன்றைய பில் விவரத்தை பென் டிரைவில் நகல் எடுத்து, அதைக் கழற்றி வைத்துவிட்டு ஷட்டரை இறக்குங்கள்.