திரளுதலும் திரட்டுதலும்

"பங்கு மூலதனம் திரட்டப்பட்டது" என்றும், "ஒதுக்கு நிதி திரண்டுள்ளது" என்றும் கூட்டுறவுச் சங்க அறிக்கைகளில் எழுதுவதுண்டு. படிப்போருக்கு இரண்டும் ஒன்றெனவே தோன்றும். ஆயினும் ஒரே வேரில் கிளைத்த இவ்விரு சொற்களின் வேற்றுமையை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம். மகாசபைகளில் அடிக்கடி எழும் ஒரு வழக்கு இதில் அடங்கியிருக்கிறது.

திரளுதல் தன்வினை; திரட்டுதல் பிறவினை. கடையும் தயிரில் வெண்ணெய் திரளுகிறது. வானில் மேகம் திரளுகிறது. பெண் பூப்பெய்துவதையும், காய் உருண்டு பருப்பதையும் இச்சொல்லாலேயே குறிப்பர். திரட்டுவதற்கோ ஓர் ஆள் வேண்டும். பாலைச் சுண்டக் காய்ச்சித் திரட்டுப்பால் செய்கிறோம், நிதி திரட்டுகிறோம். நெல்லைக் கொட்டிவைத்தால் அதனைக் குவியல் என்போமேயன்றித் திரட்சி என்போமில்லை. அதில் ஒவ்வொரு மணியும் தனித்தே கிடக்கிறது. சிறிது சிறிதாகச் சேர்ந்து, சேர்ந்தவை இன்னது இன்னாருடையதென்று பிரித்தறிய இயலாதவாறு ஒன்றாகிவிடுவதே திரட்சி.

இதற்குச் சான்று நெய்வேலியில் நம் காலடியிலேயே இருக்கிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்துக் கிணற்று நீரில் கறுப்புப் பொருள் கலந்து வரக் கண்டார். 1956-ல் பழுப்பு நிலக்கரிக் கழகம் அமைந்தது. 1957 மே 20-ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். மேலே கிடந்த மண்ணை அகற்றிக் கரியின் முகத்தைக் காண 1961 ஆகஸ்டு வரை ஆயிற்று.

அக்கரி உண்டான விதத்தைக் கேளுங்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கு சதுப்புக் காடு இருந்தது. உதிர்ந்த இலையும் வீழ்ந்த மரமும் தேங்கிய நீரில் மூழ்கின. அங்கே காற்றுப் புகாமையால் அவை முற்றும் அழுகிப்போகாமல் மக்காகப் படிந்தன. இத்தகைய படிவு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே உயரும். பின்பு மணலும் களியும் மேலே அழுத்த, அதுவும் பல மடங்கு நசுங்கிவிடும். ஆகவே, பத்து மீட்டர் கனமுள்ள கரிக்குப் பல பதினாயிரம் ஆண்டுகளின் இலைகள் செலவாகியிருக்க வேண்டும். எந்த மரத்தின் இலை எங்கே என்று இன்று யாரால் காட்ட முடியும்? வெட்டும் இயந்திரமோ ஒரு நாளில் ஒரு யுகத்தை அள்ளிவிடுகிறது!

சங்கத்தின் பங்குத் தொகை திரட்டப்படுவது. அது அவரவர் பெயரில் நிற்கும். விலகும்போது விதிப்படி திரும்பக் கிடைக்கும். ஒதுக்கு நிதியோ ஆண்டுதோறும் லாபத்தில் சட்டப்படி ஒதுக்கப்படும் பகுதி சேர்ந்து திரண்டது. யார் பெயரிலும் இல்லை. "எங்கள் உழைப்பில் வந்த லாபத்தை எங்களுக்கே பங்கிட்டால் என்ன?" என்று கேட்கும் நெசவாளரின் கேள்வி நியாயமற்றதன்று, தீபாவளிச் செலவு காத்திருப்பதில்லை. ஆயினும் நூல் விலை ஏறி, நெய்த லுங்கிகள் விற்காமல் தேங்கும் பருவத்தில் தறி நிற்காமலிருப்பதற்கு அந்நிதியே துணை. முந்திரி விளைச்சல் பொய்த்த ஆண்டில் பயிர் செய்வோர் சங்கத்திற்கும் அப்படியே. ஆகவே, பங்காதாயத்தைச் சற்றுக் குறைத்தேனும் ஒதுக்கு நிதியைக் காப்பதே தக்கதென்பது என் கருத்து.

இரண்டும் கலந்த ஒன்றும் உண்டு. கைத்தறி நெசவாளர் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில், கூலியில் ரூபாய்க்கு 8 பைசா நெசவாளர் செலுத்த, அரசு 4 பைசா சேர்க்கிறது. ஆயிரம் ரூபாய்க் கூலிக்கு 80-ம் 40-ம் ஆக 120 ரூபாய். இது திரட்டிய தொகை. இதன்மேல் ஏறும் வட்டியே திரட்சி. இம்மூன்றும் தம் கணக்கில் வரவு வைக்கப்பட்டுள்ளனவா என்பதை நெசவாளர்கள் பாஸ் புத்தகத்தில் பார்த்து, விடுபட்டிருப்பின் சங்க அலுவலகத்தில் கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டும்.